மஞ்சள் இலைக் கல்யாண முருங்கை எங்கிருந்து வந்தது?

செடி விற்கிறவனிடம் யாரும் முதலில் விலை கேட்பதில்லை, "இது பொழைக்குமா?" என்றுதான் கேட்பார்கள், நாம் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

நம்பாதவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். தை மாதம் மொட்டும் பூவுமாக இருந்த ரோஜாவைத் தொட்டியோடு தூக்கிப் போய், மாசியில் வெறும் முள் குச்சியாகப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாட்டைக் கடையின் இந்தப் பக்கம் நின்று நானும் பட்டிருக்கிறேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் எனக்கு ஒரு நர்சரி. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் என்னைச் சந்தேகப்பட்டவர்களை நினைத்துப் பார்த்தால், பாதிப் பேர் தப்பாகச் சந்தேகப்பட்டார்கள். மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

செத்த மல்லி

தெற்கு வீதியிலிருந்து ஒரு பெரியவர் அடிக்கடி வருவார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் கேரி பேக்கில் ஒரு செத்த மல்லிச் செடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மண்ணோடு பிடுங்கியிருந்தார். "காரணத்தச் சொல்லுங்க" என்றார். நான் வேரை விரித்துப் பார்த்தேன். கறுத்து, அழுகி, தொட்டதும் தோல் கழன்றது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சொன்னேன்.

அவர் கேரி பேக்கை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் எலுமிச்ச செத்தப்ப தண்ணி பத்தலன்னீங்க. இப்ப தண்ணி ஜாஸ்தின்றீங்க. நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

டீ வருவதற்குள்

2006 ஆவணி. கடலோர ஊர்களில் அலைக்குத் தடுப்பாகச் சவுக்கு நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊருக்கு நான் நாற்று கொண்டு போயிருந்தேன். இறக்கி வைத்த இடம் கலியபெருமாள் என்பவரின் வீட்டை ஒட்டி. ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர், என் வயதுதான். அவர் வீட்டுப் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல்யாண முருங்கை நின்றது.

கல்யாண முருங்கை நமக்குத் தெரியாத மரமில்லை. சளி பிடித்தால் அந்த இலையில் அடை தட்டுவோம், வேலிக்கு ஊன்றுவோம், கல்யாணத்தில் அரசாணிக்காலாக நடுவோம். ஆனால் இந்த மரத்தில் ஒரு பக்கத்துக் கிளையில் மட்டும் இலைகளின் நரம்பெல்லாம் பொன் மஞ்சளாக ஓடி, ஓரத்தில் மட்டும் பச்சை தங்கியிருந்தது. நோய் கண்ட மஞ்சள் எனக்குத் தெரியும். இது அது இல்லை. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கு நட்ட அரசாணிக்காலாம். கல்யாணம் முடிந்ததும் பின்பக்கம் ஊன்றினார்கள், துளிர்த்தது. அந்த வருடம் மார்கழியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. சுற்றியிருந்த செடி கொடியெல்லாம் உப்புத் தண்ணீரில் கருகிப்போக, இது மட்டும் நின்றது. அதற்குப் பிறகு விட்ட கிளையில்தான் இந்த இலை. "கடலம்மா மஞ்சப் பூசிட்டுப் போயிருக்கா" என்றார்.

ஒரு கிளை கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினார். "தலச்சம் புள்ள பொறக்கற வரைக்கும் அரசாணிக்கால் மேல கத்தி வெக்க மாட்டோம். எங்க பழக்கம்." சொல்லிவிட்டு, எனக்கு டீ சொல்ல உள்ளே போனார். ஒட்டுக்கட்டும் கத்தி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். பென்சில் கனத்தில் மூன்று குச்சி. நாற்றை மூடிவந்த ஈரக் கோணியில் சுருட்டி வண்டியில் போட்டேன். டீ வந்தது. குடித்தேன். நான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது கலியபெருமாள் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "பொண்ணு இப்ப முழுவாம இருக்குது மச்சான். நல்லபடியா பொறக்கட்டும், ஒரு கெளைய நானே வெட்டி உன் கடையிலயே கொண்டாந்து குடுக்கறேன்."

கோணி

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் குச்சிகளைக் கொடுத்திருக்கலாம். வெட்டியதை மரத்தில் ஒட்ட முடியாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தொழில் தெரிந்தவனுக்குத் தோன்றுகிற நியாயம் அது.

மூன்றில் ஒன்றுதான் வேர் பிடித்தது. அதன் முதல் இலையே பொன்னாக வந்தது. என்னிடம் ஆரம்பத்திலிருந்து வேலை பார்க்கிறவர் அஞ்சலை. மண் கலப்பது, பை நிரப்புவது, தண்ணீர் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. என்ன செடி, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பெங்களூரிலிருந்து ஒரு நண்பர் அனுப்பினார் என்றேன். அஞ்சலை அந்தக் கோணியை எடுத்து உதறினார். மணலும் நொறுங்கிய கிளிஞ்சலும் தரையில் கொட்டின. அதைத் துடைப்பத்தால் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "பெங்களூர்ல கடல் இருக்குதாண்ணே?"

ஈரத் துண்டு

அடுத்த ஆடிக்குள் அந்த ஒன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு பைகளாகப் பெருக்கிவிட்டேன். நிழல்வலைக்குக் கீழே வரிசையாக நின்றன. ஒருநாள் காலை கடலூர் பஸ்ஸிலிருந்து கலியபெருமாள் இறங்குவதைப் பார்த்தேன். தோளில் ஈரத் துண்டு சுற்றிய ஒரு நீளக் கட்டு. அஞ்சலையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே இரண்டு கோணியை எடுத்துப் போய் அந்த வரிசையை மூடிவிட்டு, முன்னால் உட்கார்ந்து பை நிரப்ப ஆரம்பித்தார்.

பேத்தி எட்டாம் மாதத்திலேயே மாசியில் பிறந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், இரண்டு மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம், அதனால்தான் வரத் தாமதம் என்று கலியபெருமாள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். குழந்தை இப்போது பால் குடிக்கிறதாம். எட்டாம் மாதம் என்றதும் என் கத்தி இருந்த பையை என் கை தொட்டுப் பார்த்தது. தினமும் நூறு செடியை வெட்டுகிறவன் நான். ஒரு குச்சியை வெட்டினால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொட்டுப் பார்த்தது.

கிளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதையும் நட்டேன், அதுவும் பிழைத்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்ததில், கொஞ்ச நாளில் எது கொடுத்தது எது எடுத்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அன்றைக்கு அவர் பஸ் ஏறிப் போன பிறகும் நான் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து அஞ்சலை கேட்டார்: "அவுரு போயிட்டாரு. கன்னுக்கு மூச்சு முட்டுது, கோணிய எடுக்கட்டுமா?"

சாயம்

2008-ல் விற்க ஆரம்பித்தேன். 'சிதம்பரம் பொன்முருங்கை' என்று ஒரு சின்னப் பலகையும் எழுதி வைத்தேன். பெயர் வைத்தாலே பாதி உரிமை வந்துவிட்ட மாதிரி இருக்கும், அந்தத் தைரியம்தான்.

கீழ வீதியிலிருந்து வந்த ஒரு பேங்க்காரர் இலையைப் பார்த்ததும் கைக்குட்டையை எச்சில் தொட்டு நனைத்துத் தேய்த்தார். நிறம் வரவில்லை. நகத்தால் சுரண்டினார். இலை கிழிந்தது. ரத்தத்தில் மஞ்சள் காமாலை இருக்கிற மாதிரி இதுக்கும் ஏதாவது இருக்குமோ என்று கேட்டார். இல்லை சார், பிறவியிலேயே இப்படி என்றேன். பச்சையாக ஏதாவது துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வேகமாக வளர்ந்து பொன்னை அமுக்கிவிடும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். துளிரைக் கிள்ளுவது பாவம் என்று பிற்பாடு அவர் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நான்கு மாதம் கழித்து முழுப் பச்சையாக ஒரு கல்யாண முருங்கையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறங்கும்போதே சொன்னார்: "துவைக்காமலே சாயம் போயிடுச்சு. பொடவக் கடைக்காரன்கூட இதுக்கு மாத்திக் குடுப்பான்."

மூன்று ஊர்

ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற மேடம் ஒருவர் என் வாடிக்கையாளர். பலகையைப் படித்துவிட்டு, செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இந்த மரத்தின் அறிவியல் பெயரிலேயே பல நிறம் என்கிற அர்த்தம் இருக்கிறது, பெயர் வைத்தவர்கள் பார்த்ததே இப்படிப்பட்ட இலையைத்தான் என்று சொன்னார். வேறு நாட்டுத் தோட்டங்களில் இதைப் போல இருக்கிறதாம். ஆனால் இந்தப் பக்கத்தில் தானாக வந்திருந்தால் அது எந்த மரத்தில், எந்த மண்ணில் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்றார். விதை போட்டால் இந்த நிறம் வராது, குச்சியில்தான் வரும். "அதனால, நீங்க எத்தனை பேருக்கு வித்தாலும் இது ஒரே மரம்தான். நூறு வீட்ல நிக்கற ஒரே மரம்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முதலில் பெங்களூர் என்றேன். பிறகு நோட்டை எடுத்தார். பயந்துபோய், ஏற்காட்டில் ஒரு கண்காட்சியில் வாங்கியது என்றேன். எந்தக் கண்காட்சி என்று கேட்டதும், புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் தோட்டம் என்றேன். அவர் பேனாவை மூடினார். கோபமில்லை, சிரிக்கவுமில்லை. "மூணு தடவை கேட்டேன், மூணு ஊர் சொல்றீங்க. நான் எதை எழுதிக்கறது?"

வாங்காமல் போனவர்

அந்த மேடம் போன பிறகு, அடுத்து யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எவ்வளவு உண்மை என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

அடுத்துக் கேட்டவர் ஒரு அம்மா. 2009 ஐப்பசி, மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். பட்டை போட்ட நூல் புடவை, கையில் மஞ்சள் பை. வேறு எந்தச் செடியையும் பார்க்காமல் நேராகப் பொன்முருங்கையிடம் போனார். விலை கேட்கவில்லை. பிழைக்குமா என்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "இது யாரு குடுத்தாங்க?" என்றார். நான் பெருமையாகவே சொன்னேன்: கடலோர ஊரில் ஒருத்தர், தன் வீட்டு அரசாணிக்காலிலிருந்து தன் கையாலேயே வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "எத்தினி வருசமாச்சு?" என்றார். செடி விற்கிற எவனும் இந்தக் கேள்விக்கு வயதைக் குறைத்துச் சொல்ல மாட்டான். நாள்பட்ட செடி என்றால்தான் உறுதி என்று வாங்குகிறவர்கள் நம்புவார்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டது என்றேன்.

இரண்டுமே பொய்யில்லை. அவர் கொடுத்ததும் உண்மை, மூன்று வருடமானதும் உண்மை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தது நான் எடுத்தது. அவர் கொடுத்தது அதற்கு ஒரு வருடம் கழித்து, பேத்தி பிறந்த பிறகு. நான் இரண்டையும் ஒட்டுக்கட்டி ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா மஞ்சள் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்: "மூணு வருசமா. சரி."

முகூர்த்தத்துக்குக் கேட்டவர்கள்

அடுத்த தை மாதம் குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மினி பஸ் பிடித்து வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம். அரசாணிக்காலுக்குப் பொன்முருங்கைப் போத்துதான் வேண்டும் என்று பெண்ணின் அம்மா சொல்லிவிட்டார். மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறதே, இதைவிட மங்களம் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. பெண்ணின் தாய்மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "இலை பழுத்துப்போயி நிக்குது. பழுத்த இலைய வெச்சு எவனாவது தாலி கட்டுவானா? மாப்ள வூட்டுக்காரன் பாத்தா என்னா சொல்லுவான்?" என்றார். "பழுத்தா உதிரும் மாமா, இது உதிரலையே" என்று கல்யாணப் பெண்ணே ஒரு கிளையை உலுக்கிக் காட்டினாள். மாமா நாலு தடவை உலுக்கினார். ஒரு இலைகூட விழவில்லை. விழுந்திருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

கடைசியில் அம்மா கட்சி ஜெயித்தது. நல்ல கனமான ஒரு போத்தாக வெட்டி, நுனி இலையோடு ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். இருபது வருடமாக அரசாணிக்கால் வெட்டிக் கொடுக்கிறேன், யாரும் கேட்காத ஒரு கேள்வியை அந்த அம்மா கேட்டார். இது ஓர் அரசாணிக்காலிலிருந்து வந்தது என்று நான்தான் சொல்லியிருந்தேன், அதனால் அவர் கேட்டது நியாயம்தான். ஒரு கல்யாணத்தில் துளிர்த்த காலிலிருந்து வெட்டிய கால் இது. அந்தக் கல்யாணம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் தன் பெண்ணுக்கு எப்படி நடுவார்? நல்லா இருக்காங்க என்று வாய் சொல்லிவிட்டது. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. சாக்கை வாங்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துத் திரும்பவும் கேட்டார்: "இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?"

எச்சரிக்கை

அந்த வாரமே கடலூர் பஸ் ஏறினேன். தேன்மொழி எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, சாதாரணமாக வந்த மாதிரி திரும்பிவிடுவது என் திட்டம்.

கலியபெருமாள் வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தை சின்னச் சின்ன நட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து தேன்மொழி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பெண் வந்திருக்கிறாளா என்று கேட்டேன். வந்து மூன்று மாதமாகிறது, அழைத்துப் போக அவள் புருஷன் வரவில்லை என்றார் கலியபெருமாள். சம்பந்தியம்மா எங்கேயோ ஒரு நர்சரியில் இந்தச் செடியைப் பார்த்தாராம். மூன்று வருடத்துக்கு முன்னாலேயே கலியபெருமாள் தன் கையால் வெட்டிக் கொடுத்ததாக அந்த நர்சரிக்காரன் சொன்னானாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அரசாணிக்காலில் கத்தி வைத்து விற்றுவிட்டான், அதனால்தான் எட்டாம் மாதத்தில் விழுந்தது, இன்னும் மாதத்துக்கு ஒரு தரம் காய்ச்சலில் கிடக்கிறது என்று சம்பந்தி வீட்டில் பேச்சு. அப்பன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று தேன்மொழி எதிர்த்துப் பேசியிருக்கிறாள். பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். கலியபெருமாள் போய் அவர்கள் வாசலில் நின்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

இந்த மனுஷருக்கு என்மேல் ஒரு துளிச் சந்தேகம்கூட வரவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் எனக்குப் புத்தி சொன்னார்: "உனக்குக் குடுத்தது தவிர நான் யாருக்கும் குடுக்கல மச்சான். உன் கடையிலேர்ந்துதான் எவனோ வெட்டிக்கினு போயி விக்கறான். ஆளுங்கள நம்பாத, கண்ணு வெச்சுப் பாத்துக்க."

சட்டை

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். கலியபெருமாளிடம் சொன்னால் போதாது, அவர் சொன்னால் சம்பந்தி வீட்டில் நம்ப மாட்டார்கள், நானே நேரில் போக வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மீதி ஒன்பது நாள் எதற்கு என்று என்னையே கேட்டால், செடிக்குத் தண்ணீர் விட்டேன் என்றுதான் சொல்வேன். பத்தாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பரங்கிப்பேட்டைப் பக்கம் அவர்கள் ஊர். கதவைத் திறந்தவர் அந்த மஞ்சள் பை அம்மாதான். என்னைப் பார்த்ததும் அவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. மகன் கைலியோடு, சட்டையில்லாமல் உள்வாசலில் நின்றான்.

சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அவுரு அனுப்பி வெச்சாரா?" என்றார். இல்லம்மா, நான் வந்ததே அவருக்குத் தெரியாது என்றேன். "எவனாவது தானா வந்து நான் திருடன்னு சொல்லுவானா? அன்னிக்கு அவுரு குடுத்தாருன்னீங்க. இன்னிக்கு நான் எடுத்தேன்றீங்க. நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவீங்க." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என்னிடம் சாட்சியும் இல்லை. கிளம்பிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குத் திருடணும்? வாயத் தெறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பாரே" என்றார்.

"கேட்டேம்மா. மாட்டேன்னுட்டாரு. தலச்சம் புள்ள பொறக்கற வரைக்கும் கத்தி வெக்க மாட்டோம்னாரு. அதனாலதான் அவரு உள்ள போனதும் வெட்டினேன்."

அந்த அம்மா "மாட்டேன்னாரா?" என்று மட்டும் கேட்டார். மாட்டேன் என்றார் என்றேன். "நீங்க கேட்டு, அவுரு மாட்டேன்னாரா?" என்றார் மறுபடியும். ஆமாம் என்றேன். என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்வாசலைப் பார்த்து மகனிடம் சொன்னார்: "சட்டையப் போட்டுக்கினு வா. கடலூர் பஸ்ஸு போயிடும்."

கடைசியாக வந்தவர்

ஒரு வாரம் கழித்து கலியபெருமாள் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைத் தாண்டி வருகிற அந்த நடையிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அஞ்சலை கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அடி விழுந்தால் தடுக்கவா, பார்க்கவா என்று நான் கேட்கவில்லை.

அவர் அடிக்கவில்லை. பொன்முருங்கை வரிசை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்து பார்த்தார். நான் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லாச் செடியையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன். "எதுக்கு? எங்க வூட்ல மரமே நிக்குதே" என்றார். தேன்மொழி புருஷன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். சம்பந்தியம்மாவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம், பெண் பின்னால் பெட்டியோடு போனாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவர் வேண்டாம் என்றார்.

கேட் வரைக்கும் போனவர் நின்று, திரும்பி வந்தார். நாலு வருடமாக என்னை மச்சான் என்று கூப்பிட்ட மனுஷர். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆபீசில் மனு கொடுக்கிறவர் மாதிரி மரியாதையாக நின்று சொன்னார்: "எங்க வூட்லேர்ந்து வேற ஏதாச்சும் எடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். இன்னொரு வாட்டி சம்பந்தி வூட்டு வாசல்ல போயி என்னால நிக்க முடியாது."

இப்போதெல்லாம் அந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். செடியை நம்பி வாங்கி உள்ளே கொண்டு போகிறார்கள், அதை நட்டுக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போகிற என்னைத்தான் வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள்.